வேதாளத்துக்கு ஒரு இயர்போன்

போன சித்ரா பௌர்ணமிக்குச் சித்தி பையனோடு கிரிவலம் போனேன். பத்தாவது பரீட்சை எழுதி முடித்திருந்தான். வேண்டுதல் அவனுடையது இல்லை, சித்தியுடையது :)

ராஜகோபுரத்தின் முன்னால் கற்பூரம் ஏற்றிவிட்டு நடக்க ஆரம்பித்ததுமே பயல் காதில் இயர்போனை மாட்டிவிட்டான். அக்னி லிங்கம் வந்தது, எம லிங்கம் வந்தது, கழற்றவே இல்லை. பாட்டுக் கேட்கிறான் போல என்று நினைத்து ஒரு பக்கத்தைப் பிடுங்கி என் காதில் வைத்தேன். பாட்டு இல்லை. ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் கதை சொல்லிக்கொண்டிருந்தது. செவ்வாய் கிரகத்திலேயே பிறந்து வளர்ந்த ஒரு பொண்ணு, பூமிக்கு வந்து முதல்முறை மழையில் நனைகிற கதை. அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், நிருதி லிங்கத்தை எப்போது தாண்டினோம் என்றே எனக்குத் தெரியவில்லை.

"நல்லா இருக்குடா. தமிழ்ல இந்த மாதிரி கேட்டிருக்கியா?"

"தமிழ்ல எங்கண்ணா இருக்கு? ராஜா கதை, பேய்க் கதை, இல்லன்னா அட்வைஸ் கதை. ராக்கெட் கதையத் தமிழ்ல சொன்னா காமெடியா இருக்கும்ணா."

சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னான். எனக்குத்தான் மீதி ஒன்பது கிலோமீட்டரும் அது உறுத்திக்கொண்டே வந்தது. வீட்டில், தெருவில், கிரிக்கெட் மைதானத்தில் எல்லாம் தமிழ் பேசுகிறவன் அவன். ஆனால் அவன் மனதில் தமிழ் என்பது நடந்து முடிந்ததைச் சொல்கிற மொழி. நடக்கப் போவதைச் சொல்ல வேறு மொழிக்குப் போக வேண்டும். பதினைந்து வயதில் இப்படி ஒரு எண்ணம் விழுந்துவிட்டால் அது சாதாரண விஷயமா என்ன?

அதனால் இந்தப் பதிவு. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதிமூன்றிலிருந்து பதினெட்டு வயது வரைக்குமான பிள்ளைகளுக்கு, மாயக் கதைகளும் அறிவியல் கதைகளும், சிறுகதை அளவில், காதால் கேட்கும்படி, தமிழில் வர வேண்டும். படிக்க அல்ல, கேட்க. ஏன் கேட்க என்பதற்குக் காரணம் இருக்கிறது.

முதல் காரணம் எங்கள் ஊரே. திருவண்ணாமலையில் பிறந்த எந்தப் பிள்ளையும் அடிமுடி காணாத கதையைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்வதில்லை. பாட்டி சொல்லி, கோயில் மண்டபத்தில் யாரோ யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்ததை ஒட்டுக்கேட்டுத் தெரிந்துகொள்கிறது. அந்தக் கதையைக் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். மேலும் கீழும் முடிவே இல்லாத ஒரு நெருப்புத் தூண். அதை அளக்க இரண்டு பேர் கிளம்புகிறார்கள். ஒருவர் பன்றியாகி பூமியைக் குடைந்துகொண்டு போகிறார், இன்னொருவர் அன்னமாகி மேலே பறக்கிறார். கீழே போனவர் தோல்வியை ஒப்புக்கொள்கிறார். மேலே போனவர் தாழம்பூவைப் பொய்ச்சாட்சிக்குக் கூட்டிவந்து, பார்த்துவிட்டேன் என்று அறிக்கை கொடுக்கிறார். போலி ஆராய்ச்சி முடிவு சமர்ப்பித்த முதல் ஆள் பிரம்மாதான் போலிருக்கிறது. பக்தியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுக் கேட்டாலும், முடிவிலி என்ற ஒன்றை ஐந்து வயதுக் குழந்தைக்குப் புரியவைக்கிற கதை இது. அதுவும் காது வழியாக.

இரண்டாவது, எங்கள் மாவட்டத்துக் கிராமங்களில் பங்குனி, சித்திரை மாதங்களில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைப்பார்கள். பகலில் பந்தலில் உட்கார்ந்து பாரதப் பிரசங்கம் கேட்பார்கள், ராத்திரி அதே கதையைக் கூத்தாகப் பார்ப்பார்கள். நாள்கணக்கில் நடக்கும். அர்ச்சுனன் தபசு அன்றைக்கு உயரமான கம்பத்தில் வேஷக்காரர் ஏறும்போது ஊரே அண்ணாந்து நிற்கும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் இத்தனை பாத்திரங்கள், இத்தனை கிளைக்கதைகளைக் காதிலேயே வாங்கி வைத்திருந்தார்கள். இந்த ஆட்கள் ஒன்றும் பழைய கதையை மட்டுமே கட்டிக்கொண்டு அழுதவர்களும் இல்லை. செய்யாறு பக்கத்துப் புரிசையில் மார்க்வெஸின் சிறகு முளைத்த கிழவன் கதையையே கூத்தாக்கி ஆடியிருக்கிறார்கள்.

மூன்றாவது, இன்றைக்கும் ஊரில் நடக்கிற விஷயம். எங்கள் ஊர் பவா செல்லதுரை கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாமல் கதை சொல்கிறார். அந்த வீடியோக்களை எங்கெங்கோ இருக்கிற தமிழர்கள் உட்கார்ந்து கேட்கிறார்கள். ஒரு மனிதர், ஒரு குரல், அவ்வளவுதான். அவர் பெரும்பாலும் சொல்வது இந்த மண்ணில் நம்மைச் சுற்றியிருக்கிற மனிதர்களின் கதைகளை. அதில் குறையே இல்லை. ஆனால் தமிழர்களுக்குக் கதை கேட்கப் பொறுமை இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. கேட்கத் தயாராக இருக்கிறோம். அப்படியானால் என் தம்பி கேட்கிற மாதிரிக் கதை மட்டும் ஏன் கிடைப்பதில்லை?

கிடைப்பது என்ன என்று நான்கு நாள் உட்கார்ந்து தேடினேன். பொன்னியின் செல்வனை எத்தனையோ பேர் வாசித்துப் போட்டிருக்கிறார்கள். காரணம் சுலபம். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். 1950இலிருந்து 1954 வரை தொடராக வந்த கதை என்பதால் ஒவ்வொரு அத்தியாயமும் அடுத்தது என்ன என்று இழுக்கும், காதுக்கு வாட்டமாக இருக்கும். அடுத்தபடியாகப் பேய்க் கதைகள். நடுராத்திரி, புளியமரம், கொலுசுச் சத்தம். அதைத் தாண்டினால் குட்டிப் பிள்ளைகளுக்கான நீதிக் கதைகள். முயல் கதைக்கும் வந்தியத்தேவனுக்கும் நடுவில் ஒரு பெரிய பள்ளம். அந்தப் பள்ளத்தில்தான் என் தம்பி நிற்கிறான்.

சுஜாதா இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறார். ஜீனோ என்கிற எந்திர நாயை நமக்குக் கொடுத்தவர். 'என் இனிய இயந்திரா'வை எண்பதுகளில் விகடனில் தொடராக எழுதினார், கதை நடப்பதோ நாமெல்லாம் வாழ்ந்து கடந்துவிட்ட 2020களின் தொடக்கத்தில். ஆனால் நம் சட்டப்படி எழுத்தாளர் இறந்து 60 வருடங்கள் வரை உரிமை அவர் குடும்பத்துக்கு. அவர் மறைந்தது 2008இல். யாரும் முன்கூட்டியே விட்டுக்கொடுக்காவிட்டால் 2069 பிறந்த பிறகுதான் நாம் இஷ்டத்துக்கு வாசித்துப் போடலாம். அப்போது என் பேரப்பிள்ளைகள் கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பார்கள். அதுவரை அனுமதியில்லாமல் வாசித்து ஏற்றுவது திருட்டு, அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அதைவிட முக்கியமாக, சுஜாதாவோடு கதை முடிந்துவிட்டதா? புதிதாக யாரும் எழுத வேண்டாமா?

வெளியே பார்த்தால் இந்த வகைக் கதைக்கும் காதுக்கும் பழைய சொந்தம். 1938 அக்டோபர் 30ஆம் தேதி ஆர்சன் வெல்ஸ் அமெரிக்க வானொலியில் செவ்வாய்வாசிகள் படையெடுத்து வந்த கதையைச் செய்தி அறிக்கை மாதிரியே நடத்தினார், நிஜமென்று நம்பிப் பயந்தவர்கள் உண்டு (மறுநாள் பேப்பர்காரர்கள் அதை ஊதிப் பெரிதாக்கினார்கள் என்பது வேறு கதை). டக்ளஸ் ஆடம்ஸின் புகழ்பெற்ற 'ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு' முதலில் புத்தகமே இல்லை. 1978இல் பிபிசி வானொலித் தொடராகத்தான் பிறந்தது, அடுத்த வருடம்தான் புத்தகம் ஆனது. இணையத்தில் 2005இல் ஆரம்பித்த 'எஸ்கேப் பாட்' வாரம் ஒரு அறிவியல் கதை என்று எழுத்தாளர்களுக்குக் காசு கொடுத்து வாங்கி வாசித்துப் போட்டது. 2011இல் வந்த 'காஸ்ட் ஆஃப் வொண்டர்ஸ்' அதையே பதின்வயதுக்காரர்களுக்கென்று செய்தது. காரணம் யோசித்தால் எளிது. சினிமாவில் ஒரு விண்கலம் காட்டக் கோடிக்கணக்கில் செலவு. காதில் காட்ட ஒரு வாக்கியம் போதும், மீதியைக் கேட்கிறவன் சொந்தச் செலவில் கட்டிக்கொள்வான். பணம் இல்லாத நமக்கு இதைவிடப் பொருத்தமான கலை உண்டா?

சரி, தம்பி சொன்ன "காமெடியா இருக்கும்" விஷயத்துக்கு வருகிறேன். அவன் சொன்னதில் பாதி உண்மை. "விண்கலம் தரையிறங்கியது, வீரர்கள் வெளியே வந்தனர்" என்று வாசித்துப் பாருங்கள், செய்திகள் வாசிப்பது மாதிரியே இருக்கும். எழுத்துத் தமிழ் கண்ணுக்குப் பழக்கம், காதுக்கு அது மேடைத் தமிழ். குறை மொழியில் இல்லை, வாசிக்கிற விதத்தில் இருக்கிறது. சந்திரனில் இறங்குகிற செய்யாறுக்காரன் "தரை கெட்டியாத்தான் இருக்குது, இறங்குங்கப்பா" என்று சொன்னால் யாரும் சிரிக்க மாட்டார்கள். சிரித்தாலும் அது நல்ல சிரிப்பு. கதை சொல்கிற நடை பேச்சுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். ராக்கெட் என்று ஊரே சொன்னால் ராக்கெட் என்றே சொல்லட்டும்.

இன்னொன்றும் யோசித்தேன். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவின் தென் துருவத்துக்குப் பக்கத்தில் இறங்கியது. அதன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் பக்கத்து ஊர் விழுப்புரத்துக்காரர். இங்கிருந்து பஸ் ஏறினால் போய்விடலாம். விழுப்புரத்துக்காரர் நிஜமாகவே நிலாவுக்கு ஒன்றை அனுப்பி இறக்கிவிட்டார், நம் கதைகளில் மட்டும் விழுப்புரத்துக்காரர் நிலாவுக்குப் போனால் காமெடி என்கிறோம். இது நியாயமா?

வகுப்பில் இதைப் பேசியபோது ஒரு தோழி சண்டைக்கு வந்தாள். "ஏற்கெனவே யாரும் படிக்கறதில்ல, இதுல கேக்க வேற சொல்லிக் குடுத்தா புத்தகத்தையே மூடிடுவாங்க" என்றாள். நியாயமான பயம்தான். ஆனால் என் அனுபவம் நேர்மாறு. பவா சொல்லக் கேட்ட கதைகளைத் தேடிப் போய்த்தான் நான் புத்தகம் வாங்கவே ஆரம்பித்தேன். தமிழைச் சரளமாகப் பேசி, எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைகள் இன்று ஏராளம். அவர்களிடம் இருநூறு பக்கத்தைக் கொடுத்து "படி" என்றால் ஓடிவிடுவார்கள். கண் தெரியாத பிள்ளைகளையும் மறந்துவிடக் கூடாது. அவர்களுக்கு ஒலி என்பது சோம்பேறித்தனம் இல்லை, முக்கியமான வாசல்.

எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு வெளியூர் மாதிரி எதுவும் வேண்டாம், நம் வேதாளமே போதும். விக்கிரமாதித்தன் தோளில் தொங்கிக்கொண்டு, அவன் நடக்க நடக்கக் காதோரமாகக் கதை சொல்லும். யோசித்தால் உலகின் முதல் இயர்போன் அதுதான்! ஒரு நடைக்கு ஒரு கதை. கடைசியில் ஒரு கேள்வி, பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை சுக்குநூறாகும். மூல நூலில் இருப்பது இருபத்தைந்து கதைகள். 1947இல் ஆரம்பித்த அம்புலிமாமா புதிது புதிதாக எழுதிப் பல வருடங்கள் அதை ஓட்டியது. சுருக்கமான கதை, புதிய கதை, முடிவில் தலையைக் குடைகிற ஒரு கேள்வி. அறிவியல் கதைக்கு வேறென்ன இலக்கணம் வேண்டும்?

வாயால் சொன்னால் போதாது என்று நானே ஒன்று செய்து பார்த்தேன். புதுமைப்பித்தனும் நாட்டுடைமைதான், அவரிடம் மாயக் கதைகளுக்குப் பஞ்சமில்லை. 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையை எடுத்துக்கொண்டு மொபைலில் பதிவு செய்தேன். ஃபேன் சத்தம் விழக்கூடாது என்று நிறுத்தினேன். எங்கள் ஊர் வெயிலில் அது ஒரு தபசு. முதல் முறை குக்கர் விசில், இரண்டாவது முறை தெருவில் கோலமாவு விற்கிறவர், மூன்றாவது முறை எனக்கே நாக்குக் குழறியது. நான்காவது முறை தேறியது. அதைத் தம்பிக்கு அனுப்பினேன்.

இரண்டு நாள் பதிலே இல்லை. மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தவன், "கடவுள் காபி குடிக்கறது சூப்பர்ணா" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "அண்ணா, தீபத்தன்னிக்கு மலை மேல கொப்பரைல ஏத்துறாங்கல்ல, அத மேலருந்து யாரோ சிக்னல்னு நெனச்சிட்டு பதிலுக்கு ஒரு லைட் காட்டுனா என்ன ஆவும்?" என்று ஆரம்பித்தான். கை கால் ஆட்டிக்கொண்டு பத்து நிமிடம் சொன்னான். பதில் வெளிச்சம் மலைக்குப் பின்னால் இறங்குகிற இடத்தில் சித்தி கூப்பிட்டுவிட்டார், ஓடிவிட்டான். கதை அப்படியே நிற்கிறது.

முழுக்க முழுக்கத் தமிழில்தான் சொன்னான். அதை அவன் கவனித்த மாதிரித் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை.

டிஸ்கி: குரல் நன்றாக இருக்கிறவர்கள், எழுதத் தெரிந்தவர்கள், ஃபேன் இல்லாமல் இருபது நிமிடம் தாங்கக்கூடியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். வாரம் ஒரு கதை முடியாவிட்டாலும் பௌர்ணமிக்கு ஒன்று போடலாம். கிரிவலம் போகிறவர்களுக்கு ஆகும் :)