மின்வண்டியின் வாயில்

நம் கல்லூரிக்கு வாயில் இரண்டு. ஒன்று காவலர் நிற்கும் பெருவாயில். மற்றொன்று தாம்பரம் புகைவண்டி நிலையம். நாடோறும் சென்னையிலிருந்து வந்து மீளும் மாணாக்கர்க்கு இரண்டாவதே முதல் வாயில் எனலாம். விடுதியில் வாழும் நண்பர்கள் மணியோசை கேட்டு எழுவர். யாமோ வண்டியின் நேரம் நோக்கி எழுகின்றோம். ஆதலின் அவ்வண்டியைப் பற்றியும், சிறப்பாக அதன் வாயிலைப் பற்றியும் சில கூற விரும்புகின்றோம்.

இப்பாதையின் வரலாறு பெருமை உடையது. இந்தியாவில் முதன்முதல் மின்சார வண்டி ஓடியது 1925-ஆம் ஆண்டில், பம்பாயில். அதற்கு ஆறு ஆண்டுகளின் பின், 1931-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், தென்னிந்திய இரயில்வேயார் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்சாரப் பாதையைத் திறந்து வைத்தனர். அந்நாளில் அது மீட்டர் பாதை. பல்லாவரத்திலும் குரோம்பேட்டையிலும் குடியிருந்துகொண்டு நகரத்தில் தொழில் செய்தல் எளியோர்க்கும் இயல்வதாயிற்று. 2004-ஆம் ஆண்டில் மீட்டர் பாதை வண்டிகள் நின்று, அகலப் பாதை வண்டிகளே ஓடலாயின. கடற்கரை தொடங்கித் தாம்பரம் ஈறாக நிலையங்கள் 18. ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவை ஒரு மணிக்கும் குறைந்த நேரத்தில் கடக்கின்றோம்.

இவ்வண்டியைப் போல் எல்லார்க்கும் பொதுவான இடம் நகரத்தில் வேறு உண்டோ? அலுவலகம் செல்வோர், கட்டட வேலைக்குச் செல்வோர், செவிலியர், கீரை விற்போர், ஊசியும் சீப்பும் விற்று வாழும் பார்வையற்றோர் ஆகிய அனைவரும் ஒரே பலகையில் அருகருகே அமர்கின்றனர். இன்னார் இனியார் என்ற வேற்றுமை அங்கில்லை. சிறு கட்டணம் கொடுத்தார் எவரும் ஏறலாம்.

ஏறலாம் என்றோம். உண்மையில் ஏற முடிகின்றதா? இங்கேதான் எம் குறை தொடங்குகின்றது. அக்குறை பிறர்மேல் அன்று, எம்மேலேயே.

சென்ற ஆவணித் திங்களில் ஒரு நாட்காலை யாம் தோழர் எண்மருடன் தாம்பரம் நோக்கி வந்துகொண்டிருந்தோம். அவ்வேளையில் பெருங்கூட்டம் நகரத்தை நோக்கிச் செல்வது. எதிர்த்திசையில் வரும் எம் வண்டியில் இடம் உண்டு. பெட்டியின் நடுவில் இருக்கைகள் சில வெறுமையாகவே கிடந்தன. ஆயினும் யாம் அனைவரும் வாயிலில் நின்றோம். இருவர் படியில் தொங்கினர். மாம்பலம் நிலையத்தில் வண்டி நின்றது. முதியவர் ஒருவர், பூக்கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, எம் வாயிலுக்கு ஓடி வந்தார். "கொஞ்சம் வழி விடுங்கப்பா" என்றார். எம்மில் ஒருவர், "அடுத்த வாசலுக்குப் போங்கம்மா" என்றார். அடுத்த வாயிலிலும் எம்மனையவரே நின்றனர். பெண்கள் பெட்டியோ தொலைவில் இருந்தது. அரை நிமிடத்தில் வண்டி நகர்ந்துவிட்டது. அவ்வம்மையார் எம்மை வையவில்லை. கூடையை மேடையில் இறக்கி வைத்துவிட்டு, பூவின்மேல் இட்ட ஈரத்துணியைச் சரிசெய்தார். அவ்வளவே யாம் கண்டது. வாடினால் விலை போகாத பொருளை வைத்திருப்பவர்க்கு ஒரு வண்டி தவறுதல் என்ன இழப்பு என்பது எமக்குப் பின்னரே உறைத்தது.

தமிழ் கற்கும் எமக்கு 'வாயில்' என்னும் சொல்லின் அமைப்புத் தெரியும். 'இல்வாய்' என்பதே 'வாயில்' என முன்பின்னாக மாறி நின்றது. அதனை இலக்கணப் போலி என்று கற்கின்றோம். இல்லத்தின் வாய் அது. வாயை அடைத்தால் உடலுக்கு உணவு செல்லாது. தலைவன் தலைவியரிடையே நின்று ஊடல் தீர்ப்போரைத் தொல்காப்பியர் 'வாயில்கள்' என்று வழங்கினார். உள்ளே புகுவதற்கு உதவுவது வாயில். புகாமல் தடுப்பது சுவர். யாம் அன்று சுவராக நின்றோம்.

படியில் தொங்குதல் உயிர்க்கு ஊறு என்று பலரும் அறிவுறுத்தியுள்ளனர். அது மெய்யே. 2018-ஆம் ஆண்டு ஜூலை 24-ஆம் நாள் காலையில், மின்கம்பிக் கோளாற்றால் புறநகர் வண்டியொன்று விரைவு வண்டிகளின் பாதையில் விடப்பட்டது. பரங்கிமலை நிலையத்தில் அப்பாதையை ஒட்டி நின்ற சுவரில் மோதி, படியில் நின்றோருள் ஐவர் உயிர் நீத்தனர். நாடோறும் சென்ற பாதையில் அச்சுவர் அவர்க்கு எட்டாத தொலைவில் இருந்தது. அன்று அருகில் வந்துவிட்டது. பழகிய இடம் என்ற துணிவு எத்துணைப் பொய்யானது!

ஊழியர் தடுத்த பின்னும் படியில் பயணம் செய்வோர்க்கு 1989-ஆம் ஆண்டு இரயில்வே சட்டத்தின் 156-ஆம் பிரிவு மூன்று திங்கள் வரை சிறையோ, 500 ரூபாய் வரை தண்டமோ விதிக்கின்றது. எனினும் இளைஞர் உள்ளம் ஆபத்தைக் கேட்டு அஞ்சுவதில்லை. ஆபத்து என்றாலே அதனை வீரமாகக் கருதிவிடுகின்றது. எனவே யாம் வேறொன்று கூறுகின்றோம். தனக்கு வரும் கேட்டை ஒருவன் துணிந்து ஏற்கலாம். பிறர்க்குரிய வழியை மறிப்பதில் என்ன வீரம் உண்டு?

'கூட்ட மிகுதியால் படியில் நிற்க நேர்கின்றது' என்பார் உளர். மாலை வேளைகளில் நகரத்திலிருந்து திரும்பும் தொழிலாளர்க்கு அது பொருந்தும். அவர்களைக் குறை கூறோம். அவர்கட்கு வண்டிகள் மிகுதியாக வேண்டும். 'உள்ளே புழுக்கம், வாயிலில் காற்று வரும்' என்பார் பிறர். அக்காற்றுக்கு விலை கொடுப்பவர் மேடையில் நின்றுவிட்ட அம்மையார் என்பதை அவர்கள் எண்ண வேண்டும்.

இரயில்வேயார்க்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. 2025-ஆம் ஆண்டு ஏப்ரலில் இப்பாதையில் குளிரூட்டிய மின்வண்டி ஓடத் தொடங்கியது. அதன் கதவுகள் தாமே மூடிக்கொள்ளும். படியில் தொங்க இடமில்லை. ஆனால் அதன் கட்டணம் சாதாரண வண்டியினும் பன்மடங்கு. அவ்வாண்டு ஜூனில் மும்பையின் புறத்தே மும்ப்ராவில் வாயிலில் தொங்கியோர் வீழ்ந்து இறந்தனர். அதன்பின், குளிரூட்டாத வண்டிகளுக்கும் காற்றோட்டம் அமைத்துத் தானே மூடும் கதவுகள் வைக்கப்படும் என அங்கு அறிவிக்கப்பட்டது. அத்தகைய வண்டிகள் இங்கும் வருதல் வேண்டும். உயிர்க்காவல் மிகுந்த கட்டணம் செலுத்துவோர்க்கு மட்டும் உரியதன்று.

கதவுகள் வரும்போது வரட்டும். நண்பர்களே, அதுவரை நாம் செய்யத்தக்கது ஒன்று உண்டு. அதற்குச் சட்டமும் வேண்டா, செலவும் வேண்டா. நான்கடி உள்ளே நகர்ந்தால் போதும். யாமும் எம் தோழர் எண்மரும் அவ்வாறே நின்று வருகின்றோம். அம்முதியவரை அதன்பின் இருமுறை கண்டோம். முதன்முறை, அவர் ஏறும்போது கூடையை யாம் வாங்கி வைத்தோம். அவர் எம்மை அடையாளம் கண்டாரோ, அறியோம். ஒன்றும் கேளாமல், முழம் போட்ட பூவை எண்ணத் தொடங்கினார்.