கண்ணியில் மாட்டுவது பன்றி மட்டுமல்ல!



போன மாசம் அம்மூர் காப்புக்காட்டுப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி என் வீட்டுக்கு வந்தார். மூணே ராத்திரியில் அரை ஏக்கர் மல்லாட்டையைக் காட்டுப்பன்றி உழுது போட்டுவிட்டது. "அண்ணே, கம்பிக் கண்ணி வச்சா அத்துக்கிட்டு ஓடிடுது. எந்தச் சங்கிலி போட்டா நிக்கும்? முளை எவ்வளவு ஆழம் அடிக்கணும்?" என்று கேட்டார். கடன் வாங்கிப் பயிர் வைத்தவன் வயிற்றெரிச்சல் எனக்கும் தெரியும். அவருக்குச் சொன்ன பதிலை எல்லோருக்கும் எழுதுகிறேன்.

நாம் மாடு கட்டும் சங்கிலியில் சுழல் வளையம் இருக்கும். மாடு முளையைச் சுற்றினாலும் சங்கிலி முறுக்கிக்கொள்ளாது. அமெரிக்கா, கனடாவில் உரிமம் வாங்கிப் பொறி வைப்பவர்களும் இதற்காகவே வளையம் போடுகிறார்கள். அது இல்லாவிட்டால் மாட்டிய மிருகம் புரளப் புரள முறுக்கேறி, ஒன்று பொறி கழன்றுவிடும், இல்லை கால் முறியும். இளகின மண்ணில் இரண்டு முளைகளைக் குறுக்காக அடிக்கிறார்கள். அங்கே பல மாநிலங்களில் பொறியைத் தினமும் போய்ப் பார்க்க வேண்டும் என்று சட்டமே உண்டு. ஐரோப்பிய ஒன்றியமோ 1991-ல் சட்டம் போட்டு, காலைக் கவ்வும் பொறியையே தடை செய்துவிட்டது.

நம்ம ஊரில்? பிரேக் கம்பியை வேலிக்காலில் கட்டிவிட்டு வந்துவிடுகிறோம். கண்ணி ஆள் பார்த்தா பிடிக்கும்? பக்கத்து வீட்டு ஆடும் மாட்டும், காவல் நாயும் மாட்டும். சிறுத்தை மாட்டினால் குறைந்தது 3 வருஷம், அதிகமாக 7 வருஷம் ஜெயில். 1972-ஆம் வருஷத்து வன உயிரினச் சட்டப்படி பன்றிக்குக் கண்ணி வைப்பதும் வேட்டைதான். 3 வருஷம் வரை ஜெயில், 1 லட்சம் வரை அபராதம். சங்கிலி எத்தனை உறுதி, முளை எத்தனை ஆழம் என்று கோர்ட்டில் யாரும் கேட்கப் போவதில்லை.

கரண்ட் கம்பி இதைவிடக் கொடுமை. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே மூன்று யானைகள் செத்தன, விவசாயி கைதானார். ராத்திரி தண்ணி பாய்ச்சப் போய், கம்பியை மிதித்து உயிரை விட்ட மனுஷர்களும் உண்டு.

அப்போ பன்றிக்குப் பயிரைக் கொடுத்துவிட்டுக் கைகட்டி நிற்பதா? இல்லை! 2025 ஜனவரியில் தமிழக அரசே ஆணை போட்டிருக்கிறது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கி.மீ. வரை சுடக் கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கி.மீ.க்கு அப்பால் வந்தால் வனத்துறையே சுடலாம். ஆக, பிடிப்பதும் சுடுவதும் துறையின் வேலை. அந்த வேலை நடக்காததால்தான் விவசாயி கம்பியைத் தூக்குகிறான். பயிரும் அவனுக்கே நஷ்டம், கேஸும் அவன் மேலேயே. இது எந்த ஊர் நியாயம்?

பயிர் அழிந்த அன்றைக்கே போட்டோ எடுங்கள். வி.ஏ.ஓ.விடமும் வனத்துறையிலும் மனு கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். மாதாந்திரக் குறைதீர் கூட்டத்துக்கு ராணிப்பேட்டை கலெக்டர் ஆபீசுக்கு, பன்றி கிளறிய செடியோடு குடும்பம் குடும்பமாக வாருங்கள்.

அரசே!
பன்றி இறங்கும் ஊர்தோறும் கூண்டு வை!
அரசாணையை ஏட்டில் வைக்காதே, காட்டில் காட்டு!
அழிந்த பயிருக்கு அலைக்கழிக்காமல் நிவாரணம் கொடு!

கண்ணியைக் கழற்றுவோம்! கலெக்டர் ஆபீசில் கூடுவோம்!

இவண்,
சங்கச் செயலாளர்,
வாலாஜாபேட்டை வட்டம்.