பி.காம் மாணவருக்கு முதல் கணினி மொழி எது?

பி.காம் இறுதியாண்டு படிக்கும் ஒருவர் "சாஃப்ட்வேர் பக்கம் போகலாம்னு இருக்கேன்" என்று வாய் திறந்தால் போதும், நாலு பக்கமிருந்தும் அறிவுரை வந்து விழும். "சி தெரியாம ஒண்ணும் நடக்காது" என்பார் இன்ஜினியரிங் படிக்கும் பக்கத்து வீட்டு அண்ணன். "ஜாவாதான் சோறு போடும்" என்பார் பெங்களூரில் வேலை பார்க்கும் மாமா பையன். கோர்ஸ் சென்டர்காரரோ எல்லா மொழியையும் ஒரே பேக்கேஜில் போட்டுத் தவணையில் கட்டச் சொல்வார்.

பாவம் அந்த மாணவர்! மூன்று மாதம் சி, ஒன்றரை மாதம் ஜாவா, பிறகு யூட்யூபில் ஜாவாஸ்கிரிப்ட் என்று அலைந்து, கடைசியில் எதிலும் நூறு வரி சொந்தமாக எழுதத் தெரியாமல் நிற்பார். வீட்டில் கட்டிய பணம் போனது ஒரு பக்கம். "காமர்ஸ் படிச்சவனுக்கு இது வராது" என்று அவரே முடிவு கட்டிவிடுவது அதைவிடப் பெரிய நஷ்டம்.

கேள்வியிலேயே கோளாறு இருக்கிறது. எந்த மொழி என்று கேட்பதற்கு முன்னால், அந்த மொழியில் முதலில் எதை எழுதப் போகிறார் என்று கேட்க வேண்டும். பாடப்புத்தகங்கள் பகா எண், ஃபிபனாச்சி, நட்சத்திர முக்கோணம் என்று ஆரம்பிக்கின்றன. தப்பில்லை. ஆனால் நட்சத்திர முக்கோணம் சரியாக வந்தால் என்ன, வராவிட்டால் என்ன? யாருக்கும் நஷ்டமில்லை!

வணிகவியல் மாணவர் கையில் இதைவிட நல்ல சரக்கு இருக்கிறது. பிளஸ் ஒன்னிலேயே குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு எல்லாம் போட்டவர் அவர். ஐம்பது பதிவுகளை ஒரு கோப்பில் அடித்து, அதிலிருந்து இருப்பாய்வு தயாரிக்கும் நிரலை எழுதட்டும். பற்றும் வரவும் சமமாகவில்லை என்றால் நிரலில் எங்கோ பிழை. யாரிடமும் போய்க் கேட்க வேண்டாம், கணக்கே காட்டிக் கொடுத்துவிடும். (ஈடுசெய் பிழைகளைக் காட்டாதே என்பவர்களுக்கு: கணக்குப்பதிவியல் வாத்தியார் சந்தோஷப்படுவார்!) தன் விடை சரியா தப்பா என்று தானே கண்டுபிடிக்க முடிகிற வேலைதான் முதல் வேலையாக இருக்க வேண்டும்.

இந்த வேலைக்குப் பைதான் போதும். கைடோ வான் ரோசம் 1991-இல் வெளியிட்ட மொழி இது, இலவசம். வங்கிக் கணக்கு விவரத்தை சி.எஸ்.வி. கோப்பாக இறக்கி, எந்தச் செலவுக்கு எவ்வளவு போனது என்று கூட்டிக் காட்ட இருபது முப்பது வரிகள் ஆகும். அதே வேலையை சி மொழியில் செய்யப் போனால், பெயர்களைச் சேமிக்கவே அர்ரே, பாயிண்டர், நினைவக ஒதுக்கீடு என்று ஒரு மாதம் ஓடிவிடும். சி-யைக் குறை சொல்வதற்கில்லை. பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸ் உருவானபோது, 1970-களின் தொடக்கத்தில் டென்னிஸ் ரிச்சி அதற்காகச் செய்த மொழி அது. கணினி உள்ளே எப்படி நடக்கிறது என்று அறிய விரும்புகிறவர் அதைப் படிக்கத்தான் வேண்டும். ஆனால் டர்போ சி-யின் நீலத் திரையைப் பார்த்து மிரண்டு ஓடிய காமர்ஸ் மாணவர்கள் எத்தனை பேர்!

பைதானிலும் குழி உண்டு. 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டச் சொன்னால் 0.30000000000000004 என்று வரும். இரும எண்களில் 0.1-ஐத் துல்லியமாக எழுத முடியாததுதான் காரணம். சி, ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் எல்லாவற்றிலும் இதே கதைதான்.

அடுத்தது இன்னும் சுவாரஸ்யம். வரி 1,412 ரூபாய் 50 பைசா என்று வைத்துக்கொள்ளுங்கள். 2017-ஆம் ஆண்டின் மத்திய ஜி.எஸ்.டி. சட்டம், 170-ஆவது பிரிவின்படி ஐம்பது பைசாவோ அதற்கு மேலோ இருந்தால் அடுத்த ரூபாயாக்க வேண்டும். ஆக 1,413. பைதானின் ரவுண்ட் கட்டளையோ 1,412 என்று சொல்லும். சரிபாதியில் நின்றால் இரட்டைப்படை எண் பக்கம் சாய்வது அதன் வழக்கம். பைதானோடு கூடவே வரும் டெசிமல் என்ற நூலகத்தைப் பயன்படுத்தி, பாதியை மேலே ஏற்றச் சொன்னால் இரண்டு சிக்கலும் தீரும். சிக்கல் இருப்பதே யார் கண்ணில் முதலில் படும்? வரிச்சட்டம் படித்தவர் கண்ணில்தான்!

இப்போது செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதித் தருகிறதே, பிறகெதற்கு இந்தப் பாடு என்று சிலர் கேட்கிறார்கள். எழுதித் தரட்டும். அது தந்த நிரல் 1,412 என்று காட்டும்போது "தப்பு" என்று சொல்ல ஒரு ஆள் வேண்டாமா?

வணிகம் படித்தவர் இந்தத் துறைக்கு விருந்தாளியும் அல்ல. 1959-இல் வணிகக் கணக்குகளுக்கென்றே திட்டமிடப்பட்ட மொழி கோபால். (தமிழில் எழுதினால் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் மாதிரி இருக்கிறது!) 2020 ஏப்ரலில், கொரோனா நேரத்தில், அரசின் பழைய கணினிகளைப் பார்த்துக்கொள்ள கோபால் தெரிந்தவர்கள் வேண்டும் என்று அமெரிக்காவின் நியூ ஜெர்சி ஆளுநரே வெளிப்படையாகக் கேட்டார். இன்னொரு பக்கம், 1998-இல் வந்து சக்கைப்போடு போட்ட விஷுவல் பேசிக் 6-க்கு, நிரல் எழுதும் கருவிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2008-லேயே நிறுத்திவிட்டது. அதில் பில்லிங் நிரல் எழுதிப் பழகியவர்கள் வேறு மொழிக்கு மாறினார்கள். பில் போடுவது எப்படி என்பதை அவர்கள் மறுபடி படிக்க வேண்டியிருக்கவில்லை.

இருப்பாய்வு நிரல் ஓடத் தொடங்கியதும் எஸ்.க்யூ.எல். பக்கம் போகலாம். பேரேடு என்பதே அட்டவணைதான் என்பதால் அது சீக்கிரம் பிடிபடும். பைதானுக்குள்ளேயே எஸ்.க்யூ.லைட் இருப்பதால் தனியாக எதையும் நிறுவவும் வேண்டாம். இணையப் பக்கங்களை வடிவமைக்கத்தான் ஆசை என்பவருக்கு மட்டும் இந்தக் கட்டுரை உதவாது. அவர் நேராக ஜாவாஸ்கிரிப்ட் படிக்கட்டும்.