இயந்திரத்துக்கும் மூச்சு விட வேண்டும்

மின்வெட்டு என்றதும் நம்மவர்கள் ஓடிப்போய் வாங்கும் சாமான்கள் இரண்டு. ஒன்று ஜெனரேட்டர், மற்றது யூ.பி.எஸ். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் தடைப்பட்டபோது இதைக் கண்கூடாகப் பார்த்தோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கினால் நாடே இருண்டபோதும் கடைத்தெருவில் இதே பேச்சுத்தான்.

வாங்கும்போது நாம் கேட்பது இரண்டே கேள்விகள். எத்தனை கே.வி.ஏ.? என்ன விலை? மூன்றாவது கேள்வியைக் கேட்காமல் நான் பட்ட நட்டத்தைச் சொல்கிறேன்.

2022இல் உறைந்த கோழி இறைச்சியைப் பாதுகாக்க ஒரு டீசல் ஜெனரேட்டர் வாங்கினேன். 'தொழிற்சாலைத் தரம்' என்று விற்றார்கள். சத்தம் அயலவருக்குத் தொந்தரவு என்று, தகரக் கூரை போட்ட பின்பக்க ஸ்டோரில் வைத்துக் கதவைச் சாத்தினேன். புகைக்குழாயை மட்டும் வெளியே விட்டேன். நாற்பது நிமிடத்தில் மெஷின் தானாக நின்றது. ஆறவிட்டுப் போட்டால் மறுபடி நின்றது. அன்றிரவு மூன்று பிரீசர் சாமானும் பழுது. விற்றவரோடு சண்டைக்குப் போனேன். வந்து பார்த்த பாஸ் ஸ்டோர்ச் சுவரில் கையை வைத்துவிட்டுச் சிரித்தார். "முதலாளி, மெஷினில் பிழை இல்லை. அதன் மூக்கைப் பொத்தி வைத்திருக்கிறீர்கள்."

விஷயம் இதுதான். நாம் ஊற்றும் டீசலின் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. மீதி புகையோடும் ரேடியேட்டர் காற்றோடும் வெப்பமாக வெளியேறுகிறது. அந்தச் சூடான காற்று வெளியே போக ரேடியேட்டரின் முகப்பை விடப் பெரிய வழி வேண்டும். எதிர்ப்பக்கத்தால் குளிர்ந்த காற்று உள்ளே வரவும் வழி வேண்டும். இல்லாவிட்டால் அதே சூட்டையே மெஷின் திரும்பத் திரும்பச் சுவாசிக்கும்.

யூ.பி.எஸ். விடயமும் இதுவே. ஈய அமில பெட்டரியின் ஆயுளை 20 அல்லது 25 பாகை செல்சியசுக்குத்தான் கணக்கிடுகிறார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். ஐந்து வருடப் பெட்டரியை 35 பாகை அறையில் வைத்தால் இரண்டரை வருடம் வந்தாலே பெரிய காரியம். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்களுக்கும் ஏறக்குறைய இதே கணக்குத்தான். மிளகாய்த்தூளும் மாவும் பறக்கும் கடையில் விசிறியைத் துடைக்காமல் விட்டால் சொல்லவே வேண்டாம்.

ஆகவே கேட்க வேண்டிய மூன்றாவது கேள்வி: "இது எத்தனை பாகை வரை முழுச் சுமையையும் இழுக்கும்?" தொழிற்சாலைத் தரம் என்பது பெட்டியில் ஒட்டும் ஸ்டிக்கரில் இல்லை. இந்தக் கேள்விக்கு எழுத்தில் தரும் பதிலில்தான் இருக்கிறது.

விற்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. ஈரமான தானியத்தைக் குவியலுக்குள் மறைத்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தி நாம் அறிந்ததே. எங்கே வைக்கப் போகிறீர்கள் என்று கேளாமல், காற்றுவழி வேண்டும் என்று சொல்லாமல் விற்பதும் குறையை மறைப்பதற்குக் கிட்டத்தான் வரும். ஒரு வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பினாலும் பரவாயில்லை, பரக்கத் போகாது.

கடைசியாக ஒன்று. நட்டம் கோழியோடு போனது, அல்ஹம்துலில்லாஹ். நம் கடைகளில் வேலை செய்யும் பிள்ளைகள் இரவில் கடையிலேயே தூங்குகிறார்கள். ஜெனரேட்டர் புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். மெஷினைக் கட்டடத்துக்கு வெளியே, மழை படாத, கதவு ஜன்னலுக்குத் தூரமான இடத்தில் வையுங்கள். மெஷினுக்கு மட்டுமல்ல, பக்கத்தில் தூங்கும் பிள்ளைக்கும் காற்று அமானிதம்தான்.