பச்சை விளக்கு எதைச் சொல்கிறது?

பாமன்கடையிலுள்ள எங்கள் வீட்டின் முன்னறையில் பாதியைப் பேரன் பிடித்துக்கொண்டு ஓராண்டாகிறது. எட்டடி நீளப் பலகை; அதன்மேல் மாதிரிப் புகையிரதப் பாதை. ஆறு இடங்களில் தண்டவாளம் இரண்டாகப் பிரிகிறது. புகையிரதப் பகுதியினர் 'பொயின்ற்' என்று சொல்லும் அந்த இடங்களைக் கையால் தள்ளிச் சலித்தவன், மோட்டர் பூட்ட வேண்டுமென்று நின்றான். மின்வேலை என் தலையில் விழுந்தது.

முதலில் வாங்கியவை இரட்டை வரிச்சுருள் மோட்டர்கள். பொத்தானை அழுத்தியதும் ஒரு சுருள் இரும்புத் தண்டைத் தன்பக்கம் இழுக்கும்; 'டக்' என்று பாதை மாறும். கணநேரத்துக்குப் பெரும் மின்னோட்டம் வேண்டும். அதனை ரெயினை ஓட்டும் அதே மின்வழங்கியிலிருந்து எடுத்தால் வண்டி திணறும். ஆகவே தனி மின்மாற்றி தேவை. விரல் சற்று அதிகநேரம் நின்றுவிட்டால் சுருள் கருகிவிடும். ஒன்றை நானே கருக்கினேன். இதற்கு மாற்று, இடையில் ஒரு கொள்ளளவிச் சுற்றை வைப்பது. சேமித்த மின்னை அது ஒரே வீச்சில் விட்டுவிடும். விரலை எடுக்கும்வரை மீண்டும் நிரம்பாது.

பின்னர் மெதுவாக நகரும் மோட்டருக்கு மாறினோம். 12 வோல்ற் நேரோட்டத்தில் இயங்கும் இது, வேலை முடிந்தபின்னும் அலகைத் தண்டவாளத்தோடு அழுத்திப் பிடித்துக்கொண்டே நிற்கும். அப்போது எடுப்பது சில மில்லி அம்பியர் மாத்திரமே. ஆதலால் அதே கம்பியில் தொடராக ஒரு எல்.ஈ.டி. விளக்கையும் கோத்துவிடலாம். பலரும் இப்படித்தான் செய்கிறார்கள், நானும் செய்தேன். நேர்பாதைக்குப் பச்சை, கிளைப்பாதைக்குச் சிவப்பு.

சென்ற மாதம் ஒருநாள் பச்சை எரிய, வண்டி கிளைப்பாதையில் புகுந்து, அங்கு நின்ற பெட்டிகளில் மோதி, பலகையிலிருந்து தரையில் விழுந்தது.

"அம்மப்பா, பச்சைதானே எரிஞ்சது? பிறகேன் ரெயின் அங்கால போனது?"

மோட்டருக்கும் அலகுக்கும் இடையிலிருந்த மெல்லிய கம்பி கழன்றிருந்தது. மோட்டர் திரும்பியது, அலகு அசையவில்லை. நான் கோத்திருந்த விளக்கு என் கட்டளையை எனக்கே திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்ததேயன்றி, பாதை எப்பக்கம் திறந்திருக்கிறது என்று அதற்குத் தெரியாது. கீழிருப்பவர் செய்து முடித்தாரா என்று பாராமல் "ஆகட்டும் ஐயா" என்று தலையாட்டும் அலுவலர்களை என் தொழிலில் நிறையக் கண்டவன் நான். அத்தகைய ஒருவரைக் கம்பியால் கட்டி மேசையில் வைத்திருந்தேன்.

பழைய சமிக்ஞை அறைகளில் இந்த மயக்கத்துக்கு இடம் குறைவு. நெம்புகோலிலிருந்து இரும்புத் தண்டு நேரே அலகுவரை செல்லும். இடையில் கல் சிக்கினால் நெம்புகோல் முழுமையாக வராது, கைக்கே தெரிந்துவிடும். மின்சாரம் அந்தத் தொடுகையை எடுத்துக்கொண்டது. அதற்கு ஈடாகத்தான், உண்மையான புகையிரதப் பாதைகளில் அலகு எங்கே நிற்கிறது என்பதை அறிந்து சொல்லத் தனிக் கம்பிகள் வைக்கப்பட்டுள்ளன. அந்தச் செய்தி வந்த பின்பே சமிக்ஞை பச்சையாக வேண்டும்.

அக்கம்பிகளும் மாறிப்போனால் என்ன நேரும் என்பதை 2023 ஜூன் 2ஆம் திகதி மாலை ஒடிசாவின் பாலசோர் மாவட்டத்தில் கண்டோம். சென்னை நோக்கி வந்த கோரமண்டல் விரைவுவண்டிக்கு நேர்பாதைச் சமிக்ஞை கிடைத்திருந்தது. பஹநாகா பஜார் நிலையத்தில் பொயின்றோ கிளைப்பாதைக்குத் திறந்திருந்தது. இரும்புத்தாது ஏற்றி நின்ற சரக்கு வண்டியில் அது மோதியது. சிதறிய பெட்டிகளில் ஹவுரா செல்லும் வண்டியும் சிக்கியது. இறந்தோர் 290க்கு மேல். சமிக்ஞைச் சுற்றில் முன்னர் செய்த மாற்றத்திலும், கடவைத் தடுப்பை மாற்றுவதற்கான வேலையிலும் நேர்ந்த தவறுகளே காரணமென்று புகையிரதப் பாதுகாப்பு ஆணையரின் விசாரணை கண்டது. பெட்டியினுள் கம்பிகளுக்கு இட்டிருந்த பெயர்களே பிழையாக இருந்தன. ஆண்டுக்கணக்கில் யாரும் கவனிக்கவில்லை.

விளையாட்டுப் பலகையையும் அந்தத் துயரத்தையும் ஒரே தராசில் வைக்க நான் துணியேன். ஆனால் கம்பியில் விட்ட பிழை இரண்டு இடத்திலும் ஒரே இனத்தது. ஆகவே, இந்தப் பொழுதுபோக்கில் இறங்கும் நண்பர்களுக்கு என் கட்சி இதுதான்: விளக்குக்கான கம்பியைப் பொத்தானிலிருந்தோ மோட்டரிலிருந்தோ எடுக்காதீர்கள். இரு அலகுகளையும் இணைக்கும் சட்டத்தின் இருபக்கமும் சிறு மைக்ரோ சுவிச் வைத்து அங்கிருந்து எடுங்கள். மூடிய வகையாக இருந்தால் நல்லது. வெள்ளவத்தைக் கடற்காற்று செப்பை விட்டுவைப்பதில்லை. கம்பியின் இருமுனையிலும் பெயர் ஒட்டுங்கள். மாற்றினால் அன்றே வரைபடத்திலும் மாற்றுங்கள். செலவு சற்றுக் கூடத்தான்.

மூன்று பொயின்றுகளை இம்முறையில் மாற்றிவிட்டேன், மூன்று மீதி. அலகு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் செல்லும் இரண்டு மூன்று விநாடிகளில் பச்சையும் எரியாது, சிவப்பும் எரியாது. பேரனுக்கு அது பிடிக்கவில்லை, பழுதென்கிறான். திருத்த மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.