பேயும் பழக்கூடையும்

நம் ஊரில் ஹோட்டல் என்றதும் இட்லிதான் நினைவுக்கு வரும். தங்குவதற்கு லாட்ஜ் என்று வேறு சொல் வைத்திருக்கிறோம். வடக்கே மலை நகரங்களில் பிரிட்டிஷார் விட்டுச் சென்ற ஹோட்டல்கள் இரண்டிலும் சேராத ரகம். பாதி மாளிகை, பாதி கிளப், கொஞ்சம் மாதாகோவில் சாயல். முஸோரியின் சவாய் ஹோட்டல் இதற்கு நல்ல உதாரணம்.

டேராடூனுக்கு ரயில் வந்தது 1900இல். சவாய் திறக்கப்பட்டது 1902இல். ரயில் பாதை போகிற இடம் தெரிந்ததும் அதற்கு மேலே உள்ள மலையில் பணம் போடுவது அன்றும் இருந்த வியாபார புத்தி. லக்னோவில் வக்கீலாக இருந்த லிங்கன் என்ற ஐரிஷ்காரர், பழைய பள்ளிக்கூடம் ஒன்றின் நிலத்தை வாங்கி இதைக் கட்டினார். டேராடூனுக்கு மேல் ரயில் கிடையாது. அதனால் மேஜை நாற்காலி முதல் பியானோ வரை எல்லாம் மாட்டு வண்டியில் மலை ஏறின. கூரான ஜன்னல்கள், கோபுர முனைகள், நீண்ட மர வராந்தாக்கள், நடன மண்டபம் என்று இங்கிலாந்தின் கோதிக் பாணியை 6,500 அடி உயரத்தில் கொண்டு வந்து நிறுத்தினார்கள். 1905இல் காங்ரா நிலநடுக்கம் சேதப்படுத்தியது. செப்பனிட்டார்கள். மின் விளக்கு பின்னால்தான் வந்தது.

வெள்ளைக்காரர்கள் போனதும் கூட்டமும் போயிற்று. சென்ற நூற்றாண்டின் கடைசியில் சவாய் பரிதாபமாகக் கிடந்தது. இந்த நூற்றாண்டில் கை மாறி, விரிவாகப் புதுப்பிக்கப்பட்டு, இப்போது ஐ.டி.சி. குழுமத்தின் பெயரில் நடக்கிறது. பழைய முகப்பு தப்பித்துவிட்டது. புதுப்பித்ததில் பழமை போய்விட்டது என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கட்சியில் முழு நம்பிக்கை இல்லை. நூறு ஆண்டு மரமும் கூரையும் அனுதாபத்தால் நிற்பதில்லை. மழைக்கு முன்னால் யாராவது பணம் செலவழித்தாக வேண்டும். அறை வாடகை அதைச் செய்கிறது என்றால் செய்யட்டும்.

என் குறை வேறு. கட்டடத்தைக் காப்பாற்றுகிறோம். அதனுடன் எந்தக் கதையைக் காப்பாற்றுகிறோம்?

சவாயைப் பற்றி நான் படித்த பயணக் கட்டுரைகளில் தவறாமல் வருவது பேய். 1911இல் இங்கே தங்கியிருந்த பிரான்சஸ் கார்னெட் ஆர்ம் என்ற ஆங்கிலப் பெண்மணி விஷத்தால் இறந்தார். ஆவிகளோடு பேசுவதில் நம்பிக்கை உள்ளவர். உடன் வந்த தோழி மீது வழக்கு நடந்தது, விடுதலையானார். மர்மம் நீங்கவில்லை. அந்த அம்மாள் இன்னும் தாழ்வாரங்களில் உலவுவதாகக் கதை. அகதா கிறிஸ்டி தன் முதல் நாவலுக்கு இங்கிருந்துதான் கரு எடுத்தார் என்று கூடவே ஒட்டிவிடுவார்கள். கிறிஸ்டி சொல்வதோ வேறு. முதல் உலகப் போரின்போது ஒரு மருந்தகத்தில் வேலை பார்த்தார். சுற்றிலும் விஷப் புட்டிகள். அங்கேதான் யோசனை பிறந்ததாகத் தன் வரலாற்றில் எழுதுகிறார். ஆனால் பேய்க்கு வாடகை உண்டு, மருந்தகத்துக்குக் கிடையாது.

அந்த நாவல் வெளிவந்த அதே 1920இல்தான் சவாயில் நிஜமாகவே ஒரு நாவலுக்குரிய சம்பவம் நடந்தது. எந்த ஆவியின் சாட்சியும் வேண்டாம். 1936இல் வெளிவந்த தன் சுயசரிதையில் ஜவாஹர்லால் நேரு அதை எழுதியிருக்கிறார்.

முந்தைய ஆண்டின் போருக்குப் பிறகு ஆப்கானியர்களும் பிரிட்டிஷாரும் முஸோரியில் சமாதானம் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆப்கன் குழுவின் தலைவர் மஹ்மூத் தர்ஸி. குழு தங்கியது சவாயில். தாயாருக்கும் மனைவிக்கும் உடல்நிலை சரியில்லை என்று நேருவும் குடும்பத்துடன் அங்கே தங்கியிருந்தார். ஆப்கானியர்கள் தனியாகச் சாப்பிட்டார்கள், பொது இடங்களுக்கு வரவில்லை. நேரு அவர்களில் ஒருவரைக்கூடப் பார்க்கவில்லை. திடீரென்று ஒரு மாலை போலீஸ் அதிகாரி வந்து, ஆப்கன் குழுவுடன் எந்தத் தொடர்பும் வைத்துக்கொள்ள மாட்டேன் என்று உறுதிமொழி கேட்டார். தொடர்பு கொள்ளும் எண்ணமே நேருவுக்கு இல்லை. இருந்தாலும் அப்படி எழுதிக் கொடுக்க முடியாது என்றார். 24 மணி நேரத்தில் டேராடூன் மாவட்டத்தை விட்டு வெளியேற உத்தரவு வந்தது. நோயாளிகளை விட்டுவிட்டுக் கிளம்பினார்.

மோதிலால் நேரு கவர்னருக்கு எழுதினார். இரண்டு வாரம் போல் கழித்து உத்தரவு ரத்தானது. நேரு திரும்பி வந்தபோது சவாயின் முற்றத்தில் முதலில் கண்ணில் பட்டது, தன் சின்ன மகளைத் தூக்கி வைத்திருந்த ஓர் ஆப்கன் அமைச்சர். இந்திராவுக்கு அப்போது மூன்று வயது நிரம்பவில்லை. பத்திரிகையில் செய்தி படித்த ஆப்கானியர்கள், யார் இந்த மனிதர் என்று ஆர்வமாகி, நேருவின் தாயாருக்குத் தினமும் ஒரு கூடை பழமும் பூவும் அனுப்பத் தொடங்கியிருந்தார்கள். எந்தப் பழக்கத்தைத் தடுக்க நினைத்தார்களோ அதை அரசாங்கமே உண்டாக்கிக் கொடுத்தது!

மொழிபெயர்ப்பில் இருபது வருஷம் கழித்த எனக்கு ஒரு ஆசை நன்றாகத் தெரியும்: கடினமான பத்தியைத் தாண்டிவிட்டு அழகான வாக்கியத்தில் போய் உட்காருவது. பாரம்பரியக் கட்டடங்களைப் பற்றிப் பேசும்போதும் அதுதான் நடக்கிறது. நடன மண்டபமும் இளவரசியின் வருகையும் எளிதில் பெயர்க்கக்கூடியவை. போலீஸ் அதிகாரி வந்த மாலை கடினமான பத்தி.

அந்தப் பத்தி முற்றத்தோடு முடியவும் இல்லை. வெளியேற்றப்பட்ட நேரு அலகாபாத்தில் வேலையில்லாமல் இருந்தார். அந்த நாட்களில்தான் பிரதாப்கர் பகுதியிலிருந்து சுமார் 200 விவசாயிகள் 50 மைல் நடந்து நகரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். தங்கள் நிலைமையைத் தலைவர்கள் வந்து பார்க்க வேண்டும் என்பது கோரிக்கை. பார்க்கப் போன நேரு, விவசாயிகளின் வாழ்க்கையை நெருங்கிப் பார்த்தது அப்போதுதான். முஸோரி உத்தரவு இல்லாவிட்டால் அந்த வாரம் அவர் சவாயின் வராந்தாவில் இருந்திருப்பார்.