நல்ல இடம்

கோவில்பட்டியிலிருந்து ஒரு நண்பர் கடிதம் எழுதியிருந்தார். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்தக் காலத்திலும் தபாலில் கடிதம் எழுதுகிற மனிதர்.

“அண்ணாச்சி, பையனுக்குச் சென்னையில் உத்தியோகம் கிடைத்துவிட்டது. பழைய மகாபலிபுரம் சாலையில் கம்பெனி. அடுத்த மாதம் முதல் தேதி சேர வேண்டும். அவனுடைய அம்மாவும் கூட வந்து இருக்கப் போகிறாள். கைக்கு எட்டுகிற வாடகையில், பத்திரமான இடத்தில், ஒரு வீடு பார்த்துக் கொடுங்கள். நல்ல இடமாக இருக்க வேண்டும்.”

ஊர் விட்டு ஊர் வருகிறவன் நல்ல இடம் தேடுவதில் என்ன பிழை? ஒரு பிழையும் இல்லை. ஆனால், அந்தப் பையனோடு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அலைந்து முடித்த பிறகு, ‘நல்ல இடம்’ என்ற இரண்டு சொற்களைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. நம்முடைய நடுத்தர வர்க்கம் இவ்வளவு மரியாதையான உடை உடுத்தி இவ்வளவு அழுக்கை மறைத்து வைத்திருக்கிற வேறு சொல் தமிழில் இல்லை என்று தோன்றுகிறது.

முதல் ஞாயிற்றுக்கிழமை வேளச்சேரிப் பக்கம் போனோம். தரகர் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். “ஏரியா ரொம்ப டீசன்ட் சார். எல்லாம் ஃபேமிலி ஆளுங்க. கண்டவங்களுக்குக் குடுக்க மாட்டாங்க.” வீடு கீழ்த்தளம். புதிதாக வெள்ளை அடித்திருந்தது. வீட்டுக்கார அம்மாள் எங்களை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு விசாரணையை ஆரம்பித்தாள். சொந்த ஊர் எது? ஊரில் எந்தப் பக்கம்? வீட்டில் சைவமா, அசைவமா? குலதெய்வம் எது?

குலதெய்வத்தை எதற்கு விசாரிக்கிறார்கள் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஜாதி என்ன என்று நேராகக் கேட்பது அநாகரிகம் அல்லவா? ஆகவே நாகரிகமாகச் சுற்றி வளைத்துக் கேட்கிறோம்.

பையன் பதில் சொல்லிக்கொண்டே, கரண்டு மீட்டர் பெட்டிக்குப் பின்னால் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெள்ளையடித்தவன் பெட்டியைக் கழற்றாமல் அடித்திருக்கிறான். பெட்டியின் ஓரத்தில், மார்பளவு உயரத்தில், பழுப்பாக ஒரு கோடு எட்டிப் பார்த்தது.

“இது என்னங்கம்மா?”

“அதுவா? 2015-ல தண்ணி வந்துச்சே, அப்ப பட்டது. ஊருக்கே வந்ததுதானே, தம்பி?”

“2023-ல புயலப்போ வந்துச்சா?”

“அப்ப முட்டியளவுதான்.”

குலதெய்வத்தை விசாரித்த அம்மாள், தண்ணீரைப் பற்றித் தானாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தத் தண்ணீர் மட்டும் குலதெய்வத்தை விசாரித்துக்கொண்டா உள்ளே வந்தது?

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை பார்த்த வீடு உண்மையிலேயே அருமையான வீடு. தென் சென்னையில் பெயர் பெற்ற ஒரு குடியிருப்பு. மாடி. காற்று, வெளிச்சம், கிணற்றில் தண்ணீர். வீட்டுக்காரர் படித்தவர், என் நாவல்களைக்கூடப் படித்திருக்கிறார். சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருந்தவர், நடுவில் பையனிடம், “கோவில்பட்டியில் எந்தத் தெரு?” என்றார். பையன் தெருவின் பெயரைச் சொன்னான். அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. குரல் மட்டும் கொஞ்சம் மாறியது. என் பக்கம் திரும்பி, “தம்பி உங்களுக்குச் சொந்தமோ?” என்று கேட்டார்.

“இல்லை, தெரிந்தவருடைய பையன்” என்றேன்.

முப்பது வருஷ நண்பர் அந்த ஒரு வினாடியில் எனக்குத் ‘தெரிந்தவர்’ ஆகிவிட்டார். என்னைப் ‘பெரியப்பா’ என்று கூப்பிடுகிற பையன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். மறுநாள் தரகர் டெலிபோன் செய்தார்: வீட்டுக்காரருடைய மகளே அந்த வீட்டுக்குக் குடிவரப் போகிறாளாம். பையன் சிரித்துக்கொண்டே, “இது மூணாவது மக, பெரியப்பா. நான் கேக்கற வீட்டுக்கெல்லாம் யாராச்சும் மகளோ மகனோ வந்திடுதாங்க” என்றான். அந்தச் சிரிப்பு எனக்கு ஒரு வாரம் தூக்கம் கெடுத்தது.

இதை எழுதும்போதே, “என் வீடு, என் இஷ்டம். எனக்குப் பிடித்தவர்களுக்குக் கொடுக்கிறேன். இதில் உமக்கென்ன?” என்று சிலர் கேட்பது காதில் விழுகிறது. சட்டமும் பெரும்பாலும் அவர்கள் பக்கம்தான் சாய்கிறது. தன் மதத்தார் மட்டும் அங்கத்தினராக இருக்கலாம் என்று விதி வைத்துக்கொண்ட ஒரு பார்ஸி வீட்டுவசதிச் சங்கத்தின் வழக்கில், அது செல்லும் என்று 2005-ல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கிறது. 2015-ல் பொருளாதார அறிஞர் சுகதேவ் தோரட்டும் அவருடைய சகாக்களும் டில்லி வட்டாரத்தில் வாடகை வீடு தேடுகிறவர்களின் அநுபவத்தை ஆராய்ந்து எழுதினார்கள். தலித் பெயர், முஸ்லிம் பெயர் காதில் விழுந்ததும் கதவு எப்படிச் சாத்திக்கொள்கிறது என்பதை அதில் காணலாம். சட்டம் உங்களைத் தடுக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால், சட்டம் தடுக்காததெல்லாம் தர்மம் ஆகிவிடுமா?

அது போகட்டும், தர்மத்தை விட்டுவிடுவோம். நடுத்தர வர்க்கத்துக்கு மிகவும் பிடித்த லாப நஷ்டக் கணக்கையே பார்ப்போம். இந்த ஜாதி விசாரணையால் யாருக்காவது பாதுகாப்பு கிடைத்திருக்கிறதா?

சென்னையில் குடியிருப்பவனுக்கு முதல் ஆபத்து பக்கத்து வீட்டுக்காரனிடமிருந்து வருவதில்லை, தண்ணீரிடமிருந்து வருகிறது. அதிகமாக வந்தாலும் ஆபத்து, வராவிட்டாலும் ஆபத்து. இந்த நகரம் ஏரிகளின் மேல் கட்டப்பட்டது. தியாகராய நகரே 1920-களில் ஒரு நீண்ட ஏரியைத் தூர்த்து எழுப்பியதுதான். ஏரி போய்விட்டது, மேற்கு மாம்பலத்தில் ‘லேக் வியூ ரோடு’ என்ற பெயர் மட்டும் நிற்கிறது. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் பெரும்பகுதியை வீடும் சாலையும் குப்பைமேடுமாக விழுங்கிய பிறகு, மிஞ்சியதற்கு 2022-ல் ராம்சார் அந்தஸ்து வாங்கி வைத்திருக்கிறோம். மனிதன் மறந்தாலும் தண்ணீருக்குத் தன் பழைய விலாசம் மறப்பதில்லை. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டபோது, அடையாறு முடிச்சூரையும் ஜாபர்கான்பேட்டையையும் மூழ்கடித்தது. பெரிய மனிதர்கள் வாழும் கோட்டூர்புரத்தையும் மூழ்கடித்தது. அன்று காசிமேட்டுப் பக்கத்திலிருந்தும் மற்றக் குப்பங்களிலிருந்தும் படகுகளைக் கொண்டுவந்து மாடியில் நின்றவர்களை இறக்கியவர்கள் மீனவர்கள். பள்ளிவாசல்கள் கதவைத் திறந்து வைத்து எல்லா ஜனங்களுக்கும் இடம் கொடுத்தன. படகில் ஏறிய எந்தக் கனவானும், ஓட்டுகிறவனின் குலதெய்வத்தைக் கேட்டதாக நான் கேள்விப்படவில்லை. சாதாரண நாளில் அதே மனிதன் வாடகைக்கு வீடு கேட்டு வந்தால்?

நாலே வருஷத்தில் எதிர்ப்பக்கம். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜூலை மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து ரயில் வண்டியில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. கம்பெனிகள் உத்தியோகஸ்தர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னதும் அப்போதுதான். அந்தக் கோடையில், ‘நல்ல இடம்’ என்று பெயரெடுத்த அடுக்குமாடிகள் லாரித் தண்ணீருக்குக் கொடுத்த பணத்தை வாடகையோடு கூட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மலிவு எது, விலை அதிகம் எது என்று.

நாம் ‘கெட்ட இடம்’ என்று எதைச் சொல்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். கண்ணகி நகர் என்றால் முகம் சுளிக்கிறோம். அந்த நகர் எப்படி வந்தது? ஆற்றங்கரைகளிலும் நகரத்துக் குடிசைகளிலும் இருந்த ஏழைகளை, 2000-ம் ஆண்டு முதல், பிழைப்பிலிருந்தும் பள்ளிக்கூடத்திலிருந்தும் பிடுங்கிக்கொண்டுபோய் நட்ட இடம் அது. 15,000-க்கு மேற்பட்ட சிறு வீடுகளை நெருக்கிக் கட்டினோம். வேலை அங்கே இல்லை. வேலைக்குப் போகப் போதுமான பஸ் இல்லை. பிறகு, வேலை கேட்டு வந்த பிள்ளை விலாசம் சொன்னதும், “கண்ணகி நகரா?” என்று விண்ணப்பத்தை ஒதுக்கி வைத்தோம். கெட்ட இடம் தானாக முளைப்பதில்லை. நல்ல இடத்துக்காரர்கள் சேர்ந்து உண்டாக்குகிறோம். அதே தெருக்களில் வளர்ந்த ஒரு பெண் 2025-ல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் இந்தியக் கபடி அணியில் ஆடித் தங்கப் பதக்கம் வென்றாள். ஊரே பெருமைப்பட்டது. பெருமைப்பட்டவர்களில் எத்தனை பேர், அந்த விலாசத்திலிருந்து வருகிற இன்னொரு பெண்ணுக்கு மாடி போர்ஷனைக் கொடுப்பார்கள்?

“வயசுப் பெண்ணை வைத்துக்கொண்டிருக்கிறோம். பயப்படுவது தப்பா?” என்று கேட்கிற தாய்மார்களின் கேள்வி நியாயமானது. அதை நான் கேலி செய்யவில்லை. பயப்படுங்கள், ஆனால் சரியானதற்குப் பயப்படுங்கள். பகல் பதினொரு மணிக்குத் தரகரோடு வந்து பார்த்துவிட்டுப் போகாதீர்கள். இரவு ஒன்பதரைக்கு பஸ் ஸ்டாப்பில் இறங்கி, அந்த வீடு வரை நடந்து பாருங்கள். விளக்கு எரிகிறதா? பெட்டிக்கடை திறந்திருக்கிறதா? வேறு பெண்கள் தனியாக நடந்து வருகிறார்களா? இஸ்திரி வண்டிக்காரரும், ஆட்டோ ஸ்டாண்டில் நிற்கிறவர்களும், கோலம் போடுகிற பெண்களும் தெருவுக்குக் காவல். மனித நடமாட்டம் இல்லாத உயர்ந்த மதில்களும், மதிலுக்கு உள்ளே ஒரு காவல்காரரும் காவல் அல்ல. மதிலுக்கு வெளியே இருட்டில் நடப்பவள் யார் வீட்டுப் பெண்?

வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்விகளும் உண்டு. நம்மை அவர்கள் விசாரிக்கிறார்களே, நாம் விசாரிக்கக் கூடாதா? 2015-லும் 2023-லும் தண்ணீர் எந்த மட்டத்துக்கு வந்தது? 2019-ல் கிணறு வற்றியதா? அவர் சொல்வதை எதிர்க் கடைக்காரரிடமும் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள். முன்பணம் பத்து மாத வாடகை என்பது சென்னையின் பழைய வழக்கம், சட்டம் அல்ல. 2019-ல் அமலுக்கு வந்த தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவாக வேண்டும் என்றும் சொல்கிறது. குலதெய்வத்தைக் கேட்கிற வீட்டுக்காரரிடம் இந்தச் சட்டத்தைப் பற்றிக் கேளுங்கள். யாருடைய குரல் மாறுகிறது என்று பாருங்கள்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை பல்லாவரத்தில் வீடு கிடைத்தது. மலைப் பக்கம் மேடான தெரு. முதல் மாடி. வெள்ளிக்கிழமைச் சந்தை கூப்பிடு தூரம். துரைப்பாக்கம் ரேடியல் ரோட்டில் பஸ் பிடித்தால் கம்பெனிக்குப் போய்விடலாம். என் உறவினர்கள் எவரும் தங்கள் பட்டியலில் சேர்க்காத தெரு அது. வீட்டுக்காரர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு முஸ்லிம் பெரியவர். அவர் கேட்டவை இரண்டே கேள்விகள்.

“மாசம் அஞ்சாம் தேதிக்குள்ள வாடகை வந்துடுமா, தம்பி? தண்ணியச் சிக்கனமா செலவு பண்ணுவீங்களா?”

பையன் இரண்டுக்கும் ‘ஆமாம்’ சொன்னான். பேச்சு முடிந்துவிட்டது.

திரும்பி வருகிற வழியில் எனக்கு ஒரு பழைய நாள் ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டு மாடி காலியாக இருந்தபோது ஓர் ஆசிரியர் தம் மனைவியோடு வந்து கேட்டார். பெயரைச் சொன்னார், முஸ்லிம் பெயர். என் மனைவி என் முகத்தைப் பார்த்தாள். “ஏற்கனவே பேசி முடிந்துவிட்டது, சார்” என்றேன் நான். பேசி முடியவில்லை. அந்த மாடி அதற்குப் பிறகு நாலு மாதம் காலியாகவே கிடந்தது. அந்த ஆசிரியர் மிகவும் மரியாதையாக, “பரவாயில்லை” என்று சொல்லிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு படி இறங்கினார்.

நாவல்களில் மனித சமத்துவத்தைப் பற்றி நான் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். சொந்த வீட்டு மாடிப்படியில் என்னால் எழுத முடிந்தது அந்த ஒரு பொய்தான்.

இப்போது மறுபடி எங்கள் மாடி காலியாகிறது. வாசலில் பலகை மாட்டப் போகிறேன். வருகிறவர்களிடம் என்ன கேட்க வேண்டும் என்பதைப் பல்லாவரத்துப் பெரியவரிடம் கற்றுக்கொண்டேன். அவர்கள் கேட்காவிட்டாலும் நானே சொல்லிவிட வேண்டிய ஒன்றும் இருக்கிறது: 2015-ல் எங்கள் வாசலில் இரண்டாவது படி வரை தண்ணீர் வந்தது.

உங்கள் வீட்டில் எந்தப் படி வரை வந்தது?